காரோட்டில் ஏன் வேகம் குறைவதில்லை?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. பழைய வழி கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று கடைத்தெரு கடைத்தெருவாக நுழைந்து களியக்காவிளையில் எல்லை தாண்டும். புதிய வழி, ஊர்க்காரர்கள் ‘பைபாஸ்’ என்று சொல்லும் நான்கு வழிச் சாலை. கழக்கூட்டத்திலிருந்து முக்கோலை வரை 26.5 கி.மீ., அங்கிருந்து காரோடு வரை 16.2 கி.மீ. இந்தப் பின்பகுதி கான்கிரீட் சாலை. காரோட்டோடு பைபாஸ் முடிந்தது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் நடக்கவேண்டிய நான்கு வழிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இடைப்பட்ட காலத்தில் பைபாஸில் பறந்து வந்த வண்டிகளெல்லாம் பாறசாலை, களியக்காவிளை எல்லையோர ஊர்களின் ஒடுங்கிய சாலைகளில்தான் வந்து இறங்கின.

இங்கேதான் ஒரு புதிர். ஒரே ஆள், ஒரே கார். பாலராமபுரம் முக்கில் நாற்பதில் ஊர்ந்து போகிறவர், முக்கோலை தாண்டியதும் நூறைத் தொடுகிறார். சரி, சாலை அப்படி. ஆனால் காரோட்டில் இறங்கி, இருபுறமும் வீடும் கடையும் தென்னையுமாக இருக்கிற ஊர்ச்சாலைக்கு வந்த பிறகும் அவருடைய வேகம் பழைய நாற்பதுக்கு இறங்குவதில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

சாயாக்கடையில் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். “ஓட்டுறவனுக்குப் பொறுப்பு வேண்டாமா மக்கா?” என்பார் ஒருவர். “நாலு நாள் போலீஸ் நின்னு பிடிச்சா தன்னால அடங்குவான்” என்பார் அடுத்தவர். “அதெல்லாம் வேண்டாம், ஒரு ஹம்ப் போட்டா தீர்ந்துச்சு” என்பார் மூன்றாமவர். மூவரும் சொல்வதில் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதை ஆராய்ச்சியாளர்கள் அறுபது எழுபது ஆண்டுகளாக அளந்து வந்திருக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் உண்மையிலேயே அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று வையுங்கள். ஒன்று மணிக்கு 50 கி.மீ., மற்றது 60. ஒரு குழந்தை பந்துக்குப் பின்னால் சாலைக்குள் ஓடிவருகிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றரை விநாடியும் வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது: முதல் கார் 21 மீட்டர், இரண்டாவது 25 மீட்டர். பிறகுதான் டயர் சாலையைப் பிடிக்கிறது. காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் என்றால் முதல் கார் ஏறத்தாழ 35 மீட்டரில், குழந்தைக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும். இரண்டாவது கார் அதே இடத்தைக் கடக்கும்போது என்ன வேகத்தில் இருக்கும்? பத்து கி.மீ. என்று பலரும் சொல்வார்கள், முன்பிருந்த வித்தியாசம் அதுதானே என்று. சரியான விடை 43. எண்பதில் வந்த மூன்றாவது கார் ஒன்று இருந்தால், அது 78 கி.மீ. வேகத்தில் அந்த இடத்தைக் கடக்கும். அதன் ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 33 மீட்டர் தீர்ந்துபோயிருக்கும்.

இது பள்ளிக்கூட இயற்பியல்தான். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியாக ஏறுகிறது. பிரேக் அந்த ஆற்றலை முழுவதும் தின்றுதீர்க்க வேண்டும். பெரும்பகுதி வேகம் கடைசி சில மீட்டர்களில்தான் இறங்கும். ‘கொஞ்சம்தான் கூடுதலாக வந்தேன்’ என்பது காருக்குள் இருப்பவருக்கு உண்மை, சாலையில் நிற்பவருக்கு அல்ல. 65 கி.மீ. வேகத்தில் கார் மோதினால் நடந்துபோகிறவர் இறப்பதற்கான வாய்ப்பு, 50 கி.மீ. வேகத்தில் மோதுவதைவிட நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு குழந்தை, ஒரு கார் என்பது கணக்கு. ஊரளவில், நாடளவில் இது அப்படியே பலிக்குமா? ஸ்வீடன் 1960களின் கடைசியிலிருந்து தன் நெடுஞ்சாலைகளின் வேக வரம்பை மாற்றிமாற்றிச் சோதித்துப் பார்த்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் வண்டிகளின் சராசரி வேகமும் விபத்துக் கணக்கும் பதிவாயின. அவற்றை அடுக்கிப் பார்த்த யோரான் நில்சன் என்ற ஆய்வாளர் ஒரு தொடர்பைக் கண்டார்: சராசரி வேகம் 1 விழுக்காடு ஏறினால் உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ 4 விழுக்காடு ஏறுகின்றன. இறங்கினாலும் அதே கணக்கு. பிற நாடுகளின் தரவுகளும் இதை ஒட்டியே வந்தன.

நம் நாட்டில் 2022இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 விழுக்காட்டுக்கு மேல் ‘அதிவேகம்’ காரணம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இந்த எண்ணை நான் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கிறேன். விபத்து நடந்து முடிந்த பிறகு வரும் காவலர் வேகத்தை அளந்து எழுதுவது அரிது. படிவத்தில் ஒரு காரணம் எழுதியாக வேண்டும், எழுதுகிறார். அந்த ஓட்டுநரை அவ்வளவு வேகத்தில் வரவைத்தது எது என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. சாயாக்கடையின் முதல் பதிலும் அரசு அறிக்கையும் ஒரே புள்ளியில் நின்றுவிடுகின்றன: ஓட்டுநர் பொறுப்பற்றவர். ஆனால் ஒரே இடத்தில் ஆயிரம் பேர் ஒரே மாதிரி ‘பொறுப்பற்று’ நடக்கிறார்கள் என்றால், குணத்தைத் தாண்டி வேறெதையோ தேட வேண்டாமா?

தேட வேண்டிய இடம் கண். ஓட்டும்போது நாம் ஸ்பீடாமீட்டரைப் பார்ப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் வேகத்தைக் கணிப்பது கண்ணோரம். பக்கத்திலிருக்கும் கரண்ட் கம்பம், கடையின் தகரக் கூரை, மதில், நிறுத்தியிருக்கும் ஆட்டோ இவை பின்னால் வழுக்கிப் போகும் விரைவை வைத்து மூளை ‘இவ்வளவு வேகம்’ என்று முடிவு கட்டுகிறது. பொருள்கள் அருகில் இருந்தால் சட்சட்டென்று போகும், தொலைவில் இருந்தால் மெதுவாக நகரும். நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவில் நாற்பது வேகமாய்த் தெரிவதும், அகன்ற பைபாஸில் எண்பது மந்தமாய்த் தெரிவதும் இதனால்தான். கூடவே சத்தம், அதிர்வு. பழைய சாலையின் குண்டு குழி உடம்புக்குச் சொல்லும் சேதியை வழவழப்பான சாலை சொல்வதில்லை.

இதைவிட விபரீதமானது இன்னொன்று. ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டினால் அந்த வேகத்துக்குக் கண் பழகிவிடுகிறது. இதை வேகப் பழக்கம் என்று சொல்லலாம். 1969இல் வெளியான ஷ்மிட், டிஃபின் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் சோதனை எளிமையானது. ஓட்டுநர்களை மணிக்கு 70 மைல், அதாவது 112 கி.மீ. வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டச் செய்தார்கள். பிறகு ஸ்பீடாமீட்டரைப் பார்க்காமல் 40 மைலுக்கு, அதாவது 64 கி.மீ.க்கு, வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். சில விநாடிகள் மட்டும் வேகமாக ஓட்டியவர்கள் ஓரளவு சரியாகக் குறைத்தார்கள். 20 மைல், 40 மைல் தொலைவு ஓட்டி வந்தவர்களோ, ‘இதோ குறைத்துவிட்டேன்’ என்று நினைத்த இடத்தில் 80 கி.மீ.க்கு மேல் போய்க்கொண்டிருந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. குறைந்துவிட்டதாகவே உணர்ந்தார்கள்.

20 மைல் என்றால் 32 கி.மீ.; 40 மைல் 64. நம் பைபாஸ் 43. கழக்கூட்டத்தில் ஏறிக் காரோட்டில் இறங்குகிறவரின் கண் அந்தச் சோதனைக்கு உட்பட்ட கண்தான். அவர் வேகத்தைக் குறைக்கிறார். அவருக்கு அது ஐம்பதாகத் தெரிகிறது.

இனி சாலையைப் போட்டவர்கள் பக்கம் பார்ப்போம். ஒரு சாலையை வரையும் பொறியாளர் முதலில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்: வடிவமைப்பு வேகம். வளைவு எவ்வளவு விரிவாக இருக்கவேண்டும், மேட்டுக்கு அப்பால் எவ்வளவு தொலைவு தெரியவேண்டும், வளைவில் சாலையை எவ்வளவு சாய்க்கவேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்து பிறக்கும். சமவெளித் தேசிய நெடுஞ்சாலைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிகள் தருவது 100 கி.மீ. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மழையிலும் இருட்டிலும் சுமாரான வண்டியிலும் 100 கி.மீ. பத்திரம் என்று போட்ட சாலையில், வெயில் நேரத்தில் நல்ல காரில் 120 சுகமாகத்தான் இருக்கும். பாதுகாப்புக்கென்று விட்ட இடைவெளியை ஓட்டுநர் வேகமாக மாற்றிக்கொள்கிறார். கோவளம் பக்கம் இந்தப் பைபாஸில் இளைஞர்கள் பைக் பந்தயம் விடுவதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அந்தச் சாலை அவர்களை அழைக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

வண்டிகள் உண்மையில் போகும் வேகத்தை எப்படிச் சொல்வது? சராசரி போதாது. நூறு வண்டிகளின் வேகத்தை அளந்து, மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசையில் நிறுத்துங்கள். 85ஆவதாக நிற்கும் வண்டியின் வேகம்தான் பொறியாளர்கள் பார்க்கும் எண். பெயர் 85ஆம் சதமான வேகம். மீதிப் பதினைந்து பேர் எங்கும் பறக்கிறவர்கள், எண்பத்தைந்து பேர் ‘இந்தச் சாலைக்கு இது சரி’ என்று நினைக்கும் எல்லை இது என்பது இதன் பின்னுள்ள கருத்து. அமெரிக்காவில் வெகுகாலம் இந்த எண்ணை ஒட்டியே வேக வரம்பை வைத்தார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சாலையை அகலமாய்ப் போட்டால் வேகம் ஏறும், வேகம் ஏறினால் வரம்பு ஏறும், வரம்புக்கு ஏற்ப அடுத்த சாலை இன்னும் அகலமாகும். அந்த நூறு பேரில், பால் பாத்திரத்தோடு சாலையோரம் நிற்கும் பாட்டியை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு சாலை ஓட்டுநரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அளவுகோலாக இதைவிட எளிதானது கிடையாது.

பலகை சொல்வது வேறு. கேரளம் தன் வேக வரம்புகளை 2023 ஜூலை 1 முதல் மாற்றியது. கார்களுக்கு ஆறு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 110, நான்கு வழியில் 100, மற்ற தேசிய நெடுஞ்சாலைகளில் 90, நகரச் சாலைகளில் 50, ‘மற்ற சாலைகள்’ 70. இருசக்கர வண்டிக்கு 70 ஆக இருந்த உச்சவரம்பு 60 ஆகக் குறைந்தது. நெய்யாற்றின்கரை நகராட்சி, அங்கே 50 பொருந்தும். பாறசாலையும் காரோடும் கிராமப் பஞ்சாயத்துகள். தனிப் பலகை வைத்துக் குறைக்காத வரை, வாசல்படி சாலையைத் தொடும் ஒரு பஞ்சாயத்துச் சாலையில் 70 சட்டப்படியே சரி. நாம் மேலே பார்த்த கணக்கில், எழுபதில் வரும் கார் குழந்தை நிற்கும் இடத்தை 60க்கு மேற்பட்ட வேகத்தில் கடக்கும்.

பலகையைவிடச் சாலையே பேசட்டும் என்ற கருத்து நெதர்லாந்தில் உருவானது. யான் தேயுவஸ், ஹான்ஸ் கோட்ஹெல்ப் என்ற இருவர் 1995இல் எழுதிய கட்டுரையில் அதற்குத் தெளிவான வடிவம் கிடைத்தது. எந்த வேகத்தில் போகவேண்டும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் ஓட்டுநருக்கு உணர்த்தும் சாலை. தானே விளக்கும் சாலை என்று அதைச் சொல்வோம். நெடுஞ்சாலை நெடுஞ்சாலையைப் போலத் தெரியவேண்டும், ஊர் ஊரைப் போலத் தெரியவேண்டும். இரண்டும் தார் பூசிய ஒரே கறுப்பு நாடாவாக இருந்தால் மூளைக்கு எங்கே எதை மாற்றுவது என்று தெரியாது.

கண்ணை நேரடியாகத் தொடும் உபாயம் ஒன்றும் உண்டு. வேகப் பழக்கத்தை ஆராய்ந்த டென்டன் என்ற ஆங்கிலேயர், 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே நியூபிரிட்ஜ் என்ற இடத்தில், வேகச்சாலை முடிந்து ரவுண்டானா வரும் பாதையில் குறுக்கே மஞ்சள் பட்டைகள் போடச் செய்தார். மேடு எதுவும் இல்லை, வெறும் வர்ணம். ரவுண்டானா நெருங்க நெருங்கப் பட்டைகளுக்கு இடையிலான தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரே வேகத்தில் வருகிற ஓட்டுநருக்குப் பட்டைகள் மேலும் மேலும் விரைவாகக் கடந்துபோகும். வேகம் கூடுகிறதோ என்று கண் பதறும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். வேகமும் குறைந்தது, விபத்தும் குறைந்தது. பழகிப்போன கண்ணை அதே கண்ணின் இன்னொரு குணத்தைக் கொண்டே திருத்திய வேலை இது. காரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பதிலுக்கு வருவோம்: போலீஸ் நிற்கவேண்டும்.

பிரிட்டனில் 1967 அக்டோபரில், குடித்துவிட்டு ஓட்டுபவர்களை ஊதவைத்துப் பிடிக்கும் சட்டம் வந்தது. பெரும் விளம்பரம். வாரக் கடைசி இரவு விபத்துகள் சட்டென்று இறங்கின. அடுத்த சில ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறத் தொடங்கின. லாரன்ஸ் ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் மாதவாரியாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்துச் சொன்ன விளக்கம் இது: சட்டம் வந்த புதிதில், மாட்டிக்கொள்வோம் என்று எல்லாரும் மிகையாகப் பயந்தார்கள், உண்மையில் மாட்டும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பது அனுபவத்தில் தெரிந்ததும் பயம் கரைந்தது. தண்டனையின் கடுமை கடைசிவரை மாறவில்லை. மாறியது மாட்டும் வாய்ப்பைப் பற்றிய மதிப்பீடு மட்டும்.

இதை நம் ஊர் ரூபாயில் சொல்லலாம். கேரளத்தில் காருக்கு அதிவேக அபராதம் 1,500 ரூபாய். ஆயிரம் பயணத்தில் ஒருமுறை மாட்டுவீர்கள் என்றால், ஒரு பயணத்துக்கு வேகத்தின் விலை ஒன்றரை ரூபாய். அபராதத்தை 5,000 ஆக்கினால் ஐந்து ரூபாய். அதே பழைய 1,500ஐ வைத்துக்கொண்டு, இருபது பயணத்தில் ஒருமுறை மாட்டும்படி செய்தால் 75 ரூபாய். அபராதத்தை ஏற்றும் அறிவிப்புக்குச் செய்தித்தாளில் இடம் கிடைக்கும். பலன் கிடைப்பது வாய்ப்பை ஏற்றுவதில்.

போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் வேகம் குறைகிறது, சரி. எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை நாளுக்கு? கனடாவின் டொராண்டோவில் எஸ்ரா ஹாவரும் அவருடைய குழுவினரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. காவலர் நிற்கும் இடத்தைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு 900 மீட்டருக்கும் விளைவு பாதியாகிறது. உதியன்குளங்கரை முக்கில் ஜீப் நின்றால், ஒரு கி.மீ.க்குள் பாதி பயம் போய்விடும், மூன்று கி.மீ.க்குள் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. நாள் கணக்கிலும் அப்படித்தான்: ஒரே ஒரு நாள் நின்றால் மூன்று நாள் வரை தங்கியது, தொடர்ந்து ஐந்து நாள் நின்றபோது அதற்குப் பிறகும் ஆறு நாளாவது தங்கியது. ‘நாலு நாள் நின்னா அடங்குவான்’ என்ற சாயாக்கடைக் கணிப்பு மோசமில்லை. அடுத்த வாரம் வரை அடங்குவான்.

கேமராவுக்கும் இதே நோய் உண்டு. கேமராவுக்கு முன்னால் பிரேக், தாண்டியதும் ஆக்சிலேட்டர். அதற்கு மாற்று சராசரி வேகக் கேமரா: இரண்டு இடத்தில் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, இடைப்பட்ட தூரத்தைக் கடக்க எடுத்த நேரத்தைக் கணக்கிடும். 16 கி.மீ.யை எட்டு நிமிடத்தில் கடந்தால் எங்கே பிரேக் போட்டீர்கள் என்பதற்குப் பொருளில்லை, சராசரி 120. பைபாஸ் போன்ற நீண்ட சாலைக்கு இதுதான் ஏற்றது.

கேரளத்தின் ‘ஏஐ கேமரா’க்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கெல்ட்ரான் நிறுவனம் வழி 726 கேமராக்கள். 2023 ஏப்ரலில் தொடக்கவிழா, ஜூன் 5 முதல் அபராதம். எல்லாம் வேகத்தைப் பிடிப்பவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் போன்றவற்றுக்கு. இந்தத் திட்டத்தில் வேகத்தை அளப்பவை மொத்தமே எட்டு, அதிலும் நான்கு வண்டியில் வைத்து நகர்த்துபவை. மாநிலக் கணக்கையும் பாருங்கள்: 2022இல் 43,910 விபத்துகள், 4,317 சாவுகள்; 2023இல் விபத்துகள் 48,091 ஆக ஏறின, சாவுகள் 4,080 ஆகக் குறைந்தன. ஹெல்மெட் விபத்தைத் தடுக்காது, மண்டையைக் காக்கும். அந்த எண்கள் இந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன. ஆனால் ஒரே ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஏன் கூடாது என்பதற்கு மூன்றாவது பதிலுக்குப் போகவேண்டும்.

ஹம்ப். சாலைக்குக் குறுக்கே மேடு வைத்து வேகத்தைக் குறைக்கும் யோசனையைப் பொறியியலாகச் செய்தவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன். எக்ஸ் கதிர் ஆராய்ச்சிக்குப் பேர்போனவர். 1953இல், தான் பொறுப்பிலிருந்த, செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் வண்டிகள் பறப்பதைப் பார்த்துவிட்டு மேடு ஒன்றை வடிவமைத்தார். அதற்கு ஒழுங்கான அளவு கண்டது பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடம். அங்கே வாட்ஸ் என்பவர் 1973இல் பலவித மேடுகளைப் போட்டு, பலவித வண்டிகளை ஏற்றிப் பார்த்தார். கிடைத்த முடிவு எதிர்பாராதது. ஓரடி, ஒன்றரை அடி அகலமுள்ள குட்டை மேட்டில், மெதுவாகப் போனால்தான் உடம்பு குலுங்குகிறது. வேகமாகப் போனால் டயரும் ஸ்பிரிங்கும் அடியை வாங்கிக்கொள்ள, உள்ளே இருப்பவருக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரமுள்ள நீண்ட மேட்டில் நேர்மாறு: காரே மேட்டின்மீது ஏறி இறங்கவேண்டியிருப்பதால், வேகம் கூடக்கூட வயிறு தூக்கிப்போடும். மெதுவாகப் போனால் ஒன்றுமே தெரியாது.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட விதியும் அதையேதான் சொன்னது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், கடக்கும் வேகம் 25 கி.மீ. ஊர்ப்பக்கம் நாம் பார்க்கும் ஹம்ப் எப்படி? விபத்து நடந்த மறுவாரம், மிச்சத் தாரைக் குவித்து, ஓரடி அகலத்தில் ஒரு திண்டு. வெள்ளை வர்ணம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. எச்சரிக்கைப் பலகை கிடையாது. இரண்டு ஓரத்திலும் தண்ணீர் போக ஒரு முழம் இடைவெளி; பைக்குகளெல்லாம் அதில் நுழைந்து சாலையோரம் நடப்பவர்களை உரசிக்கொண்டு போகும். நிதானமாக வரும் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிக்கு முதுகெலும்பு நோகும். பறந்து வரும் பெரிய கார் சுகமாகத் தாண்டிவிடும். நல்லவரைத் தண்டித்துக் கெட்டவரை விடும் கருவி அது.

‘ஆனால் ஹம்ப் போட்ட பிறகு விபத்து குறைந்ததே’ என்பார்கள். இங்கேதான் எச்சரிக்கை. ஒரு பலா மரம் ஓராண்டு வழக்கத்தை மீறி நாற்பது சக்கை காய்க்கிறது. அடுத்த ஆண்டு பெரும்பாலும் குறைவாகத்தான் காய்க்கும். மரம் தன் வழக்கமான அளவுக்குத் திரும்புகிறது. இடையில் யாராவது அதில் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால், கண்பட்டதுதான் காரணம், செருப்புதான் காரணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முக்குகளும் அப்படித்தான். ஆண்டுக்கு இரண்டு விபத்து நடக்கும் முக்கில் தற்செயலாக ஓராண்டு ஆறு நடந்தால் ஊர் கொதிக்கும், ஹம்ப் வரும். அடுத்த ஆண்டு இரண்டு. ஒன்றுமே செய்யாவிட்டாலும் இரண்டுதான் வந்திருக்கும். சராசரிக்குத் திரும்புதல் என்று புள்ளியியல் சொல்வது இதைத்தான். சாலைப் பாதுகாப்பில் பல ‘வெற்றிகள்’ இந்த மயக்கம்தான் என்று காட்டி, அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் முறையைப் பிரபலமாக்கியவர் மேலே சொன்ன அதே எஸ்ரா ஹாவர்.

அந்தக் கறாரான முறையில் சோதித்தும் தேறியது ரவுண்டானா. அமெரிக்காவில் 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றியதை, சராசரிக்குத் திரும்புதலைக் கழித்து ஆராய்ந்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. மொத்த விபத்து 38 விழுக்காடு குறைந்தது, காயம் ஏற்படுத்திய விபத்து 76 விழுக்காடு குறைந்தது. உயிர்ப்பலியும் உடல் முடக்கும் படுகாயமும் ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும் என்று மதிப்பிட்டார்கள். யாரும் அங்கே அபராதம் எழுதவில்லை. வளைந்துதான் போகமுடியும் என்பதால் வேகம் குறைகிறது; மோதினாலும் பக்கவாட்டில் உரசுகிறதே தவிர நேருக்கு நேர் இல்லை. இரவு இரண்டு மணிக்கும் அது வேலை செய்யும், டீ குடிக்கப் போகாது.

ஆகவே சாயாக்கடை மூவருக்கும் பதில் இப்படி அமையும். பொறுப்பு வேண்டும்தான், ஆனால் 43 கி.மீ. பழகிய கண்ணிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. போலீஸும் கேமராவும் வேண்டும், அவை இருக்கும் அளவுக்கே பலன். மேடு வேண்டும் என்றால் விதிப்படி வேண்டும். முதலில் வரவேண்டியது சாலையின் முகம்: பைபாஸ் முடிவதற்கு வெகு முன்பே நெருங்கிவரும் பட்டைகள், முடியும் இடத்தில் ரவுண்டானா, ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒடுங்கும் வண்டித்தடம், நடக்க உயர்ந்த நடைபாதை, கடக்கும் இடத்தில் அகன்று தட்டையான மேடு. இவை எதுவும் பைபாஸ் போட்ட செலவோடு ஒப்பிடக்கூடிய செலவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்றொரு பிரிவு சேர்ந்திருக்கிறது. சாலையை விதிப்படி வடிவமைக்காமல், பராமரிக்காமல் விட்டு அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓட்டுநரின் வேகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தப் பிரிவைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் வாசல் சாலையின் ஓரத்தில் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் குறி போடுங்கள். சாலையை விட்டு விலகி, மதிலுக்கு உள்பக்கமாக நின்றுகொண்டு, செல்போன் கடிகாரத்தில் நூறு வண்டிகளுக்கு நேரம் பாருங்கள். 3.6 விநாடி என்றால் 50 கி.மீ.; 3 விநாடி என்றால் 60; இரண்டே கால் விநாடி என்றால் 80. வரிசைப்படுத்தி 85ஆவது வண்டியின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கிராமசபைக்குப் போய், பலகை வையுங்கள் என்று கேட்காமல், அந்த எண் 50க்குக் கீழே வரும்வரை சாலையை மாற்றிக்கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள்.